எடு, தாடை, திரும்பு

டெல்பினை எந்தப் படியில் உட்கார வைப்பது என்று ஜொவிட்டாவுக்குப் பிடிபடவே இல்லை. கான்வென்ட் மைதானத்தின் ஓரத்தில் கூடைப்பந்துக் கோர்ட்டைப் பார்த்தாற்போல சிமெண்டுப் படிகள். கீழ்ப்படி என்றால் போர்டில் பட்டுத் தெறிக்கிற பந்து நேரே அங்கேதான் வரும், வந்து பிள்ளையின் உச்சியில், இன்னும் மூடாத அந்த மெத்தென்ற உச்சியில், வேண்டாம். நடுப்படி என்றால் டெல்பின் போனைப் பார்த்துக்கொண்டே கையைத் தளர்த்திவிட்டால் உருளுவதற்குக் கீழே படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விளிம்பு இருக்கிறது. மேல்படி என்றால் வேப்பமரம், மரத்தில் காக்கைக்கூடு. "நான் என்ன கிறிஸ்மஸ் குடில் பொம்மையா மைனி, அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தி மாத்தி வைக்கிய?" என்றாள் டெல்பின். ஜொவிட்டாவின் புருஷனுக்குத் தங்கை, காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று வீட்டில் இருக்கிறவள், மடியில் ஜொவிட்டாவின் ஏழு மாதத்துப் பிள்ளை ஈவா காலை உதைத்துக்கொண்டு. "குடில்ல மாட்ட எங்க வச்சாலும் மாடு மாடுதான். நீங்க போங்க, அங்க உங்களத் தேடுதாவ." ஜொவிட்டா சிரித்தாள். சிரித்தபடியே, "நடுப்படியில சாஞ்சு உக்காரு, போன எடுக்காத" என்றாள். பந்தும் காக்கையும் டெல்பினுக்குச் சொன்ன காரணங்கள். உள்ளே ஓடிய கணக்கு வேறு. தன் கை எட்டாத தூரம் எது என்றுதான் அவள் ஒவ்வொரு படியாக அளந்து கொண்டிருந்தாள். பந்திடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற ஒரு படி போதும். இந்தக் கையிடமிருந்து காப்பாற்ற எத்தனை படி வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது.

பந்து கையில் வந்ததும் உள்ளங்கை அதை அடையாளம் கண்டுகொண்டது, நாள்பட்டு ஊருக்கு வந்தவளைத் தெருநாய் அடையாளம் காண்கிற மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு. அதுவே அவளுக்கு நடுக்கமாக இருந்தது. கால்கள் மறந்திருந்தன, மூச்சு மறந்திருந்தது, அடிவயிற்றில் தையல் போட்ட இடம் குதிக்கும்போதெல்லாம் நான் இருக்கிறேன் என்று சுருக்கென்றது, பால் கட்டிய மார்பு இறுக்கமான பனியனுக்குள் கல்லாகக் கனத்தது, ஆனால் கை மட்டும் ஒன்றையும் மறக்கவில்லை. கடற்காற்று உப்பள வாடையோடு வந்து வளையத்தின் வலையை ஆட்டியது. பியூலா விசிலை வாயில் வைத்தபடி அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். பியூலா பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு இளையவள், அப்போதெல்லாம் ஜொவிட்டாவின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவள், இப்போது பழைய மாணவிகள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவள், ஆகவே திட்டுவதற்கு உரிமை உள்ளவள், ஆனாலும் அக்கா போட்டுத்தான் திட்டுவாள். "கையில என்னக்கா பேண்டேஜ்?" "பிள்ளையத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு பிடிச்சுக்கிட்டு." பொய் எத்தனை சுலபமாக வருகிறது. இந்த மணிக்கட்டு மூன்று வாரமாகப் பிள்ளையை நின்றபடி தூக்கவே இல்லை. வீட்டில் அதற்குச் சொன்ன காரணமும் இதே மணிக்கட்டு வலிதான். டாக்டரம்மாகூட நம்பி ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தாள். மாமி மட்டும், "எங்க காலத்துல கை ஒடிஞ்சாலும் பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் மீன் அரிஞ்சோம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிள்ளையைத் தூக்க முடியாத மணிக்கட்டு இப்போது பந்தைப் பிடிக்கப் போகிறது. டெல்பின் நடுப்படியில் உட்கார்ந்து அதைப் பார்க்கப் போகிறாள். இது ஏன் புறப்படும்போது தோன்றவில்லை? பேண்டேஜைக் கட்டிக்கொண்டு பந்து விளையாட வந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். டெல்பின் வீட்டுக்குப் போய்ச் சாதாரணமாகச் சொல்வாள், மைனிக்குக் கை நல்லாயிட்டு. அப்புறம் மாமி பிள்ளையைக் கொண்டு வந்து நீட்டுவாள். நின்றபடி. நடு ஹாலில்.

பியூலா பந்தைப் போர்டில் வீசினாள். வளையத்தில் விழாத பந்து திரும்பி வரும்போது எதிராளிக்கு முன்னால் எழும்பி அதைப் பறிக்க வேண்டும், அதற்குப் பெயர் ரீபவுண்ட், இந்த மைதானத்தில் அதற்கு ஜொவிட்டாவுக்கு மிஞ்சி ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் மதுரை வரைக்கும் பேச்சு. அது அவள் கெட்டிக்காரத்தனம் இல்லை. நாலு சொல். ஏழாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் இந்த வளையத்தின் கீழே வரிசையாக நின்று கத்திக் கத்திப் பழகிய நாலு சொல். எடு. தாடை. திரும்பு. எறி. எட்டிப் பந்தை எடு, இரண்டு கையாலும், பறிக்கிற மாதிரி. உடனே தாடைக்குக் கீழே கொண்டு வா, முழங்கை இரண்டும் கொம்பு மாதிரி வெளியே, கிட்ட வருகிறவளின் விலாவுக்கு அது புரியட்டும். இடது காலை ஊன்றிக்கொண்டு திரும்பு. திரும்பிய மாத்திரத்தில் இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்தி ஓரக்கோட்டில் காத்திருக்கிறவளுக்கு எறி. யோசிக்காதே. யோசித்தால் பந்து போய்விடும். மூளைக்குச் சேதி போய்த் திரும்பி வருவதற்குள் கை வேலையை முடித்திருக்க வேண்டும், அதுவரைக்கும் பழகு. அதுவரைக்கும் பழகினாள். மழையில் பழகினாள், மாதவிலக்கில் பழகினாள், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த சாயங்காலமும் பழகினாள். இப்போதும் பந்து போர்டில் பட்டு வருகிறது, அவள் எழும்புகிறாள், எடு, தாடை, திரும்பு, எறி, பந்து ஓரக்கோட்டில் நின்ற அணித்தோழி பேச்சியின் கையில் சப்பென்று போய் விழுந்துவிட்டது. எப்போது எறிந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "அப்பிடிப் போடு! யக்கா துருப்பிடிக்கவே இல்ல பியூலா!" என்று பேச்சி கத்தினாள். ஜொவிட்டா படியைத் திரும்பிப் பார்த்தாள். டெல்பின் ஈவாவின் கையைப் பிடித்துக் கைதட்ட வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு கறி வேகிற வாசனை, கரண்டு போய் மின்விசிறி நின்றிருந்தது. நின்றிருந்ததால்தான் அவள் புருஷன் லியோன் பிள்ளையைத் தூக்கிப்போட்டு விளையாடினான். ஆம்பிளைகள் பிள்ளைகளைத் தூக்கிப்போடுவார்கள், அவள் அப்பாவும் போட்டிருப்பார், பிள்ளை மேலே போய் ஒரு கணம் காற்றில் நிற்கும், வாயைப் பிளந்து சிரிக்கும், வந்து விழும், சேர்த்துப் பிடிப்பார்கள். "ஜொவி, பிடி!" என்று லியோன் சொன்னான். எறியவில்லை, கைக்குக் கை கொடுக்கிற தூரம்தான், அரைச் சாண் காற்று இருந்திருக்கும் இடையில். அவள் கை போய்ப் பிள்ளையை எடுத்தது. எவ்வளவு துல்லியம். அக்குளுக்குக் கீழே இரண்டு கையும் ஒரே நேரம் போய்ச் சேர்ந்தது, தாடைக்குக் கீழே கொண்டு வந்தது, பால் மணக்கிற தலை தாடையில் இடித்தது, முழங்கை வெளியே வந்தது. இடது கால் ஊன்றியது. திரும்பினாள். இதற்குள் சமையல்கட்டிலிருந்து மாமி எட்டிப்பார்த்தாள். அப்புறம் கை இரண்டும் தலைக்கு மேலே எழுந்தன. பிள்ளையோடு. கண் ஓரக்கோட்டைத் தேடியது, அங்கே யார் நிற்கிறார்கள் என்று. யாரும் இல்லை. திறந்த வாசற்கதவும், அதற்கப்பால் நாலு படியும், தெருவும்தான் இருந்தன. அதனால் நின்றதா? யாராவது வாசலில் நின்றிருந்தால், பால்காரரோ பக்கத்து வீட்டுக்காரியோ நின்றிருந்தால்? இந்தக் கேள்விதான். சுற்றிச் சுற்றி வந்து இந்தக் கேள்வியில்தான் சேலை முள்ளில் மாட்டுகிற மாதிரி மாட்டுகிறது. அவள் நிறுத்தினாளா, ஆள் இல்லாததால் நின்றதா? "பாரேன், தாய்க்காரி எம்புட்டு உசரத்துக்குத் தூக்குதா!" என்று மாமி சிரித்தாள். லியோன் சிரித்தான். எல்லாரையும்விட ஈவாதான் அதிகம் சிரித்தாள், மேலேயிருந்து, எச்சில் ஒழுக. ஜொவிட்டா பிள்ளையை மெல்ல இறக்கிப் பாயில் போட்டுவிட்டு, கை வலிக்குது என்றாள். அந்தச் சொல் அங்கேதான் பிறந்தது.

அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணை வைத்து, யாராவது பிள்ளையைக் கொண்டுவந்து தலையணையில் கிடத்தினால்தான் பால் கொடுத்தாள். கொடுக்கும்போதும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் சுவருக்கும் இடுப்புக்கும் நடுவில் நெருக்கி வைத்துக்கொண்டாள். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகவில்லை. வாசற்கதவைச் சாத்திச் சாத்தி, "புழுங்குதுல்லா, எதுக்கு அடைக்க?" என்று மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள், நினைப்பால் செய்த பாவமும் பாவம்தான். அப்படியென்றால் அவள் செய்துவிட்டாள். ஒரு தடவை இல்லை, பாத்திரம் கழுவும்போது, பல் தேய்க்கும்போது, நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போது, எத்தனை தடவை செய்துவிட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டு ஃபாதரிடம் என்ன சொல்வாள்? என் பிள்ளையை எறிந்துவிடுவேன் ஃபாதர். கோபமா மகளே? இல்லை ஃபாதர். பிள்ளை மேல் வெறுப்பா? ஐயோ இல்லை ஃபாதர், அவள் தும்மினால் எனக்கு ஈரக்குலை நடுங்குது. பின்னே? நல்லாப் பழகிட்டேன் ஃபாதர். இதற்கு என்ன பரிகாரம் கொடுப்பார்? லியோனிடம் சொன்னால் அவன் சிரிப்பான், சிரித்துவிட்டு இரவில் எழுந்து பிள்ளையைத் தன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்வான். அந்த நகர்த்தலை அவளால் தாங்க முடியாது. அதனால்தான் பியூலா போன் பண்ணி, "மாதா திருவிழா டோர்னமெண்ட் வருதுக்கா, ரீபவுண்டுக்கு ஆளே இல்ல, சும்மா வந்து நின்னாக்கூடப் போதும்" என்றபோது இவள் ஆகட்டும் என்றாள். கட்டிய பாலைப் பீய்ச்சிவிட்டால் மார்பு இளகுகிற மாதிரி, கையில் கட்டிக் கிடக்கிற எறிதலையெல்லாம் இங்கே எறிந்து தீர்த்துவிட்டால் வெறும் கையோடு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு கணக்கு. ஆனால் பால் பீய்ச்சப் பீய்ச்ச ஊறும். அது புறப்படும்போது நினைவுக்கு வரவில்லை. இப்போது, இரண்டாம் பந்தும் மூன்றாம் பந்தும் தானாகப் பேச்சியின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நினைவுக்கு வருகிறது.

சரி, அப்படியானால் மூன்றாம் சொல்லோடு நிறுத்திப் பார்ப்போம். கைக்குச் சொல்லிக்கொடுத்தது தானே, சொல்லிக்கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியும். பந்து வந்தது. எடுத்தாள். தாடை. திரும்பினாள். நின்றாள். ஓரக்கோட்டில் பேச்சி கையை நீட்டி நின்றாள். ஜொவிட்டாவின் தோளுக்குள் என்னவோ திமிறியது, கட்டுத்தறியில் கன்று இழுக்கிற மாதிரி, பந்தைத் தாடையோடு அழுத்தி அழுத்தித் தாடை வலித்தது. "பாஸ் யாருக்குக்கா?" என்று பியூலா கேட்டாள். "யக்கா, பந்துக்குப் பால் குடுக்கியளா? குடிச்சு முடிச்சதும் சொல்லுங்க, ஏப்பம் நான் எடுக்கேன்!" என்று பேச்சி கத்த, கோர்ட்டே சிரித்தது, பியூலா விசிலைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், படியிலிருந்து டெல்பினின் சிரிப்பும் கேட்டது. ஜொவிட்டாவும் சிரித்துவிட்டாள், பேச்சியின் வாய் அப்படி. சிரித்த அந்த நொடியில் கை தளர்ந்தது. தளர்ந்ததும் பந்து போய்விட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலைக்கு மேலே எழும்பி, நேர்கோடாக. அப்படியானால் சிரிக்கவும் கூடாது. பிள்ளையை வைத்துக்கொண்டு யாராவது சிரிப்புக் காட்டினால்? தும்மல் வந்தால்? அடுத்த பந்திலும் நிறுத்திப் பார்த்தாள், அதற்கடுத்ததிலும். "அக்கா, எறிங்கக்கா! வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறிய? பாஸ் யாருக்கு, அத முதல்ல பாருங்க!" பியூலா இப்போது சிரிக்கவில்லை. நிறுத்த முடிகிற பந்தும் உண்டு, முடியாத பந்தும் உண்டு. எது எப்போது என்று பந்து வருகிறவரைக்கும் தெரியவில்லை. முடியவே முடியாது என்று இருந்தால்கூடத் தேவலை, ஒரு முடிவுக்கு வந்து கையைக் கட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு வளையத்தின் அடியில் நின்று போடுகிற பயிற்சி. வலது பக்கம் ஒரு எட்டு வைத்து வலது கையால் போர்டில் தொட்டுப் போடு, வலையிலிருந்து விழுகிற பந்தைக் கீழே விடாமல் பிடி, இடது பக்கம் ஒரு எட்டு, இடது கையால் போடு, பிடி, வலது, பிடி, இடது. இதில் பந்தைத் தாடைக்குக் கொண்டு வரக்கூடாது, எறியக்கூடாது, எடுத்த உயரத்திலேயே வைத்துக்கொண்டு மறுபடி மேலே போட வேண்டும். இது ஆறுதலாக இருந்தது. வலது, இடது. பந்து எங்கும் போவதில்லை, மேலே போய் அவளிடமே வருகிறது. வலது, இடது, தொட்டில் ஆடுகிற மாதிரி. வலை ஒவ்வொரு தடவையும் உஸ் என்றது. வியர்வை கண்ணில் இறங்கியது. வேப்பமரம் போனது, படிகள் போயின, தையல் வலி போனது, வலது, இடது, ஒன்றுமே இல்லாத வெளுத்த ஓர் இடம், சின்ன வயதில் காய்ச்சல் விட்ட அன்று காலையில் இருக்குமே, அப்படி. எவ்வளவு நேரம் அதில் இருந்தாள் தெரியாது. விசில் கேட்டு நின்று, பந்தைப் பிடித்து, திரும்பிப் படியைப் பார்த்தாள். படி காலி. நடுப்படி, கீழ்ப்படி, மேல்படி, எல்லாம் காலி. சிமெண்டில் ஒரு வெள்ளைத் துவாலை மட்டும் கிடந்தது. ஜொவிட்டா தன் கையைப் பார்த்தாள். முதலில் தன் கையைத்தான் பார்த்தாள். கையில் பந்துதான் இருந்தது, ஆரஞ்சு நிறம், சொரசொரப்பு, காற்றடைக்கிற துவாரம். பந்துதான். ஆனால் இவ்வளவு நேரமும் பந்துதானா? அந்த வெளுத்த இடத்தில் அவள் இல்லை, கைதானே இருந்தது, கை யாரையெல்லாம் எடுத்தது, யாரையெல்லாம்... வளையத்தின் கீழே தரையைப் பார்த்தாள். சுவரோரம் பார்த்தாள். பேர் வரவில்லை, பெற்ற பிள்ளையின் பேர் வாயில் வரவில்லை, அருள் நிறைந்த மரியே என்பது மட்டும் பாதியில் வந்து நின்றது. "என்னக்கா, பேயறஞ்ச மாதிரி?" என்றாள் பேச்சி. "அங்க பாருங்க, உங்க மவ மாதாவுக்குத் தண்ணி காட்டுதா." மைதானத்துக் கோடியில், கற்குகை மாதிரி கட்டிய லூர்து மாதா கெபி. அதன் முன்னால் டெல்பின் நின்று மெழுகுதிரியைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஈவா பூச்சாடித் தண்ணீருக்குள் கையை விட்டு அடித்துக்கொண்டிருந்தாள். ஜொவிட்டா குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். கட்டியிருந்த லேஸைத்தான் அவிழ்த்துக் கட்டினாள். முகத்தை யாரும் பார்க்காமல் இருக்க அதுதான் வழி.

போய்விடலாம். வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து, டெல்பின் மடியில் பிள்ளை இருக்க, தான் ஓரமாகக் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு போய்விடலாம். போய்? வீட்டில் படிகள் இல்லையா, மாடி இல்லையா. பிள்ளைக்கு நடக்க வருகிறவரைக்கும், பேச வருகிறவரைக்கும், அம்மா ஏன் என்னைத் தூக்கமாட்டேங்காவ என்று அவள் கேட்கிறவரைக்கும் மணிக்கட்டு வலிக்குமா? "கடைசி ஒண்ணு" என்றாள் பியூலா. "அக்காவும் பேச்சியும் வாங்க. அக்கா, பாக்ஸ் அவுட் மறந்துட்டு உங்களுக்கு. நீங்க பந்தையே பாத்துக்கிட்டு நிக்கிய, பேச்சி உள்ள பூந்துருதா. முதல்ல ஆளுக்கு முதுகக் காட்டுங்க. கண்ணால தேடாதிய, முதுகால தேடுங்க." பந்து போர்டை நோக்கிப் போகிறபோதே எதிராளியைப் பின்னால் தள்ளி முதுகால் அடைத்து நிற்க வேண்டும், அதுதான் பாக்ஸ் அவுட். ஜொவிட்டா திரும்பினாள், காலை அகட்டி இடுப்பைத் தாழ்த்தினாள். பேச்சி வந்து முதுகில் மோதினாள். எருமை மாதிரி பலம் அவளுக்கு, கடையில் அரிசி மூட்டை இறக்குகிறவள். வலதுபக்கம் நெருக்கினாள், இவள் இடுப்பை வலதுபக்கம் நகர்த்தினாள், இடதுபக்கம் நெருக்கினாள், நகர்த்தினாள். பேச்சியின் மூச்சு பிடரியில் சுட்டது. அவள் போகமாட்டாள். அவளை விரட்ட முடியாது, மைதானத்தை விட்டு அனுப்ப முடியாது, விதி அப்படி. அவள் பின்னால் இருப்பாள், பந்து விழுகிறவரைக்கும் தள்ளிக்கொண்டே இருப்பாள். பின்னாலேயே இருக்கட்டும். முன்னால் வராமல் இருந்தால் போதும். இதை எத்தனை ஆயிரம் தடவை செய்திருக்கிறாள், ஒரு தடவைகூட எதிராளி இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டதில்லை. பந்து வந்தது. எழும்பினாள். எடு. தாடை. முழங்கை வெளியே. இடது கால் ஊன்றித் திரும்பினாள், தோளுக்குள் கன்று துள்ளியது, கை எழத் தொடங்கியது, அப்போது கோயில் மணி அடித்தது.

சாயங்காலத் திரிகால ஜெபத்துக்கு அடிக்கிற மணி. அந்த மைதானத்தில் அந்த மணி கேட்டால் யாரும் அசையக்கூடாது. ஓடுகிறவள் நிற்க வேண்டும், பந்து வைத்திருக்கிறவள் அதைக் கீழே வைக்காமல், தட்டாமல், யாருக்கும் கொடுக்காமல், அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெபம் முடிகிறவரைக்கும் நிற்க வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். எந்த சிஸ்டர் வைத்த சட்டமோ, கோயிலுக்கே போகாத பேச்சியும் நிற்பாள், "உங்க மாதாவும் எங்க அம்மனும் சொந்தக்காரங்கதான்" என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஜொவிட்டாவின் கை தலைக்குப் போகிற வழியில் நின்றது. தானாக நின்றது. நின்று, இறங்கி, பந்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. அவள் சொல்லவில்லை. மூளைக்குச் சேதியே போகவில்லை. மணி மூன்று அடித்து நின்றது, மறுபடி மூன்று. பியூலா ஜெபத்தைத் தொடங்கினாள், மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஜொவிட்டாவின் உதடும் முணுமுணுத்தது, மனது கையையே பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு கனமாக, எவ்வளவு சாதுவாக இருக்கிறது இந்தக் கை. எறியப் பழகிய அதே சாயங்காலங்களில்தான் இதையும் பழகியிருக்கிறது. மழையிலும், மாதவிலக்கிலும், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றும் மணி அடித்திருக்கிறது. நம்பலாமா? நம்பக்கூடாது. இது மணிக்குக் கட்டுப்படுகிற கை, வீட்டில் யார் மணி அடிப்பார்கள்? ஆமென் என்றார்கள். பந்து இன்னும் நெஞ்சில்தான் இருந்தது.

"மைனி! பிடிங்க, பிடிங்க!" கெபியிலிருந்து டெல்பின் ஓட்டமும் நடையுமாக வந்தாள், பிள்ளையைக் கை நீளத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஈவாவின் கால் இரண்டும் காற்றில் சைக்கிள் மிதித்தன. "ஜெபம் முடியட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். என் புதுச் சுடிதார முழுசா நனைச்சிட்டா உங்க மவ. நான் குழாய்க்குப் போகணும், பிடிங்க!" "டெல்பின், எனக்குக் கை..." "ஆமா, கை! எம்புட்டுப் பந்து பிடிச்சிய, நான் எண்ணிக்கிட்டுல்லா இருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை, கண்ணைச் சிமிட்டித்தான் சொன்னாள், அதற்குள் பிள்ளை நெஞ்சுக்கு முன்னால் வந்துவிட்டாள். இரண்டில் ஒன்றுதான் கையில் இருக்க முடியும். ஜொவிட்டா பந்தை விட்டாள். அது சிமெண்டில் ஒரு தடவை குதித்து உருண்டு போயிற்று. எடுத்தாள். அக்குளுக்குக் கீழே இரண்டு கையும், ஒரே நேரம், துல்லியமாக. தாடை. ஈரத் தலை தாடையில் இடித்தது. முழங்கை வெளியே வந்தது. இடது கால் ஊன்றியது, திரும்பினாள், வேண்டாம், திரும்பாதே, திரும்பிவிட்டாள். ஓரக்கோடு தெரிந்தது. அன்றைக்கு வாசலில் ஆள் இல்லை. இன்றைக்கு ஆள் இருந்தது. பேச்சி தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேதான் நின்றாள், பிள்ளையைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள், வாடி என் ராசாத்தி என்று. தோளில் அந்தக் கன்று எழுந்தது. கை எழுந்தது, நெஞ்சை விட்டு ஒரு விரற்கடை, இரு விரற்கடை.

எதுவோ அவளைப் பிடித்து இழுத்தது. குனிந்து பார்த்தாள். ஈவாவின் வலது முஷ்டிக்குள் பனியனின் கழுத்து சுருண்டு கிடந்தது. இடது முஷ்டிக்குள் அவள் பின்னல். பூச்சாடித் தண்ணீர் இன்னும் காயாத விரல்கள், நகம் வெட்டாத விரல்கள், நகத்தை வெட்டுவதற்கும் இந்த மூன்று வாரத்தில் அவளுக்குப் பயம். பிள்ளையின் உடம்பு முழுக்க அந்த இரண்டு முஷ்டியில் இருந்தது. மூக்கு சுருங்கி, முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பிடித்திருந்தாள், பின்னலின் வேரில் கண்ணீர் வரும்படி வலித்தது. இத்தனை வருஷத்தில் எடுத்த எந்தப் பந்தும் இவளைத் திரும்பிப் பிடித்ததில்லை. பந்துக்குக் கை கிடையாது. கை இறங்கியது. மணி அடிக்கவில்லை, அதுவாகவும் இறங்கவில்லை, வலிக்கிற பக்கமாக அவள்தான் இறக்கினாள், வேலியில் மாட்டிய சேலையைக் கிழியாமல் எடுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. "பாஸ் யாருக்குக்கா?" பிளாஸ்டிக் கோன்களையும் பந்துகளையும் பொறுக்கிக்கொண்டிருந்த பியூலா பழக்கதோஷத்தில் கோர்ட்டின் மறுகோடியிலிருந்து கேட்டாள். "யாருக்கும் இல்ல!" ஜொவிட்டா கத்தினாள். வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறக்கிற அளவுக்குக் கத்திவிட்டாள். "யாருக்கும் கிடையாது!" பேச்சி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "அம்மாடி, உங்க பிள்ளைய நான் என்ன தின்னவா போறேன்" என்றாள். ஈவா ஒரு கணம் திகைத்து, உதட்டைப் பிதுக்கி, அழலாமா சிரிக்கலாமா என்று பார்த்தாள்.

பயம் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் அப்படியே நின்றது, வலதுபக்கம் நெருக்கியது, இடதுபக்கம் நெருக்கியது, பிடரியில் மூச்சு விட்டது. ஜொவிட்டா காலை அகட்டி இடுப்பைத் தாழ்த்தி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இடது கால் ஊன்றியது ஊன்றியபடி இருந்தது. பந்தை வைத்துக்கொண்டு ஊன்றிய காலைத் தூக்கி நடந்தால் தப்பு, விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள், ஏழாம் வகுப்பில் முதல் நாள் படித்த சட்டம். குழாயடியில் டெல்பின் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பின்னல் வலித்தது, வலிக்கட்டும், விடாதே பிள்ளே, இன்னும் இறுக்கிப் பிடி. ஜொவிட்டா இடது காலைத் தூக்கினாள். வைத்தாள். வலது காலைத் தூக்கினாள். வைத்தாள். கோட்டைத் தாண்டினாள், படிகளின் ஓரமாக நடந்தாள், துவாலையைக் குனிந்து எடுக்கப் பயந்து அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். பியூலாவின் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. யாரும் ஊதவில்லை.